செங்கல் திட்டும் செதில் முதுகும்: கரைப்பறவை கேள்வி பதில்

இந்த முறை கரைப்பறவைகளைப் பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். ஏறக்குறைய எல்லாக் கடிதங்களும் நிறத்தில்தான் ஆரம்பிக்கின்றன. சாம்பலாக இருந்தது, பழுப்பாக இருந்தது, வயிறு வெள்ளை என்று எழுதுகிறீர்கள். குளிர்காலத்தில் நம் ஊருக்கு வரும் உள்ளான்களும் (சாண்ட்பைப்பர் வகை) உப்புக்கொத்திகளும் (ப்ளவர் வகை) பெரும்பாலும் மேலே சாம்பலோ பழுப்போ, கீழே வெள்ளையோதான், அதனால் நிறத்தைப் பிடித்துக்கொண்டு போனால் எங்கேயும் போய்ச் சேர முடியாது. முதலில் அலகு, கால், உடல் அளவு, இரை தேடும் விதம், பறக்கும்போது எங்கே வெள்ளை தெரிகிறது என்று பாருங்கள். இனம் எது என்று அதில் தெரிந்துவிடும். நிறத்தை அதற்குப் பிறகு பாருங்கள், அது பறவையின் வயதைச் சொல்லும், அது ஆண்டின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லும்.

கேள்வி: செப்டம்பர் நடுவில் கோடியக்கரைப் பக்கம் உப்பளப் பாத்தியில் ஒரு கூட்டம் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் அலகு கறுப்பு, நல்ல நீளம், கீழ்நோக்கி வளைந்திருந்தது. ஆனால் சில பறவைகள் முழுச் சாம்பல், சிலவற்றின் வயிற்றில் செங்கல் நிறத்தில் திட்டுத் திட்டாக இருந்தது, இன்னும் சிலவற்றின் முதுகு மீன் செதில் மாதிரி, மார்பு லேசான மஞ்சள் பழுப்பு. மூன்று இனங்களா? புத்தகத்தில் டன்லின் என்ற பறவையின் படமும் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. (ஒரு வாசகர், வேதாரண்யம்)

பதில்: மூன்றும் ஒரே இனம்தான். கர்லூ சாண்ட்பைப்பர், இங்கே வளைமூக்கு உள்ளான் என்று எழுதுகிறேன். நீங்கள் பார்த்தது ஒரே இனத்தின் மூன்று வயதுகளை, அதுவும் ஒரே பாத்தியில். இதைப் பார்க்க செப்டம்பரைவிட நல்ல மாதம் கிடையாது.

இனத்தை முதலில் உறுதி செய்துகொள்வோம். மைனாவைவிடச் சற்றே சிறிய உடல், கறுப்புக் கால், அடியிலிருந்தே சீராக வளைந்து இறங்கும் அலகு. டன்லினுக்கும் வளைந்த அலகுதான், ஆனால் அதன் வளைவு பெரும்பாலும் நுனிப் பக்கம் மட்டும் தெரியும், காலும் கழுத்தும் குட்டை, நிற்கும்போது கூனிக் குறுகித் தெரியும். வளைமூக்கு உள்ளான் காலை நிமிர்த்தி, வயிறு நனையும் ஆழம் வரைக்கும் தண்ணீரில் இறங்கி மேயும். இதெல்லாம் பார்த்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் கூட்டம் தானாக எழும்பும் வரை காத்திருங்கள். பறக்கும்போது வாலுக்கு மேலே பின்முதுகு முழுக்கப் பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் அது வளைமூக்கு உள்ளான். நடுவில் ஒரு கருங்கோடு ஓடி அந்த வெள்ளையை இரண்டாகப் பிரித்தால் டன்லின். தமிழ்நாட்டில் டன்லின் அரிது, எனவே அந்தக் கருங்கோட்டைப் படம் பிடிக்காமல் டன்லின் என்று பட்டியலில் எழுதாதீர்கள்.

இனி நிறம். வயிற்றில் செங்கல் திட்டு உள்ளவை வளர்ந்த பறவைகள். சைபீரியாவின் வடகோடியில், ஜூன் மாதத்தில் அவற்றின் முகம், கழுத்து, மார்பு, வயிறு எல்லாமே ஆழ்ந்த செங்கல் சிவப்பு. அங்கே ஆண் பறவை அடைகாப்பதில்லை, இணை சேர்ந்ததும் ஜூலை தொடக்கத்திலேயே தெற்கே கிளம்பிவிடும், பெண் பறவை பின்னால் வரும். வழியிலும் இங்கே வந்த பிறகும் சிவப்பு இறகுகள் உதிர்ந்து வெள்ளையும் சாம்பலும் முளைக்கும். அந்த மாற்றம் பாதியில் நிற்கும்போதுதான் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. அதே பறவைகளை நவம்பரில் பார்த்தால் ஒரு திட்டுகூட இருக்காது.

செதில் முதுகு உள்ளவை இந்த ஆண்டு பொரித்த குஞ்சுகள். பைனாகுலரில் அந்த முதுகை நிதானமாகப் பார்த்தீர்களானால் ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரியும்: நடுப்பகுதி சாம்பல் பழுப்பு, ஓரத்துக்குச் சற்று உள்ளே ஒரு மெல்லிய கருங்கோடு, அதற்கு வெளியே வெளிறிய விளிம்பு. எல்லா இறகும் ஒரே சமயத்தில் முளைத்தவை என்பதால் எல்லாமே ஒரே அளவுப் புதுமையோடு வரிசை கலையாமல் இருக்கும். வளர்ந்த பறவையின் முதுகு அப்படி இருக்காது, பழைய இறகு தேய்ந்து ஓரம் கிழிந்திருக்கும், பக்கத்திலேயே புது இறகு ஒன்று எட்டிப் பார்க்கும். மார்பில் நீங்கள் சொன்ன மஞ்சள் பழுப்புச் சாயலும் குஞ்சுக்கு உரியதுதான். தாயும் தகப்பனும் முன்னாலேயே போய்விட, இவை வழிகாட்ட யாரும் இல்லாமல் பின்னால் கிளம்பி வருகின்றன. பிறந்து இரண்டு மூன்று மாதமே ஆன பறவை ஆர்க்டிக்கிலிருந்து வேதாரண்யம் உப்பளத்துக்கு வந்து சேர்கிறது என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

அப்படியானால் முழுச் சாம்பல்? அவை பெரும்பாலும் போன ஆண்டுக் குஞ்சுகள். முதல் ஆண்டுப் பறவைகளில் நிறைய வடக்கே திரும்புவதே இல்லை, ஒரு கோடை முழுவதும் நம் கரையிலேயே தங்கிவிடும். வலசையும் கூடு கட்டுவதும் இல்லாததால் அவை இறகு மாற்றும் வேலையைச் சீக்கிரமே முடித்துவிட்டு, மற்றவை வந்து இறங்கும்போது சுத்தமான சாம்பலில் நிற்கும். வலசைப் பறவை ஜூன் மாதத்தில் இங்கே என்ன செய்கிறது என்று கேட்டு இரண்டு பேர் எழுதியிருந்தார்கள், அவர்களுக்கும் இதுவே பதில். அது வழி தவறிய பறவையோ நோயாளியோ அல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2024இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தன் சிவப்புப் பட்டியலில் வளைமூக்கு உள்ளானை அழிவாய்ப்பு உள்ள இனமாக வகை மாற்றியது, சாம்பல் உப்புக்கொத்தியும் அதே சமயத்தில்தான் அந்த வகைக்குப் போனது. ஒரு காலத்தில் எங்கும் இருக்கிறதே என்று யாரும் திரும்பிப் பார்க்காத பறவைகள் இவை. அடுத்த முறை போகும்போது கூட்டத்தில் எத்தனைக்குச் செதில் முதுகு என்று தனியாக எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு வடக்கே குஞ்சு பொரித்தது நன்றாக நடந்ததா என்பதற்கு நம் பக்கத்தில் கிடைக்கும் நேரடித் தடயம் அந்த எண்ணிக்கைதான்.

கேள்வி: பள்ளிக்கரணையில் எடுத்த ஒரு சின்ன உள்ளானின் படத்தைச் செயலியில் போட்டால் ஒருமுறை லிட்டில் ஸ்டின்ட், இன்னொரு முறை டெமிங்க்ஸ் ஸ்டின்ட், மூன்றாம் முறை ரெட்-நெக்டு ஸ்டின்ட் என்கிறது. எதை நம்புவது? (ஒரு கல்லூரி மாணவி, சென்னை)

பதில்: செயலி கெட்டிக்காரத்தனமான கருவிதான், ஆனால் படத்தில் இல்லாததை அதனால் பார்க்க முடியாது. சேற்றில் கால் புதைந்திருக்கும் படத்தைக் கொடுத்தால் கால் நிறம் அதற்கு எங்கிருந்து தெரியும்? நீங்கள் அனுப்பிய படத்திலும் கால் மூட்டு வரைக்கும் சேறு.

ஸ்டின்டுகள் எல்லாமே சிட்டுக்குருவி அளவுதான். அவற்றில் முதல் கேள்வி, கால் கறுப்பா, மஞ்சள் பச்சையா? கறுப்பு என்றால் நம் ஊரில் பெரும்பாலும் கொசு உள்ளான், அதாவது லிட்டில் ஸ்டின்ட். மஞ்சள் பச்சை என்றால் டெமிங்க்ஸ் அல்லது லாங்-டோடு ஸ்டின்ட். காய்ந்த சேறு கறுப்புக் காலை வெளிறியதாகவும் ஈரச் சேறு வெளிறிய காலைக் கறுப்பாகவும் காட்டும், அதனால் பறவை தண்ணீரில் நடந்து கால் கழுவப்படும் வரை பார்த்துக்கொண்டே இருங்கள். ஸ்டின்ட் சும்மா நிற்கும் பறவை அல்ல, ஐந்து நிமிடத்தில் எப்படியும் தண்ணீருக்குள் இறங்கும்.

காலைப் பார்க்க முடியாவிட்டால் நடையைப் பாருங்கள். கொசு உள்ளான் ஓடி ஓடி, தையல் மிஷின் ஊசி மாதிரி விடாமல் கொத்தும், திறந்த சேற்றில் கூட்டமாக இருக்கும். டெமிங்க்ஸ் நிதானமானது. புல் முளைத்த ஓரத்தில், நன்னீர் சேற்றில், ஒன்றிரண்டாகக் குனிந்து ஊர்ந்து திரியும். அதன் முதுகில் சொல்லிக்கொள்ளும்படி எந்தக் கோலமும் இல்லை, ஒரே மங்கல் பழுப்பு, மார்பிலும் அந்த மங்கல் இறங்கி வயிற்று வெள்ளையோடு நேர்கோட்டில் முடிந்துவிடும். கலைந்து எழும்பினால் செங்குத்தாக மேலே ஏறும், வாலின் இரு ஓரமும் வெள்ளையாகத் தெரியும், குரல் சின்னதாக உருட்டுவது போல் கேட்கும். லாங்-டோடு முற்றிலும் வேறு தோற்றம்: கழுத்தை நீட்டி நிமிர்ந்து நிற்கும், முதுகில் ஒவ்வொரு இறகும் கறுத்த நடுவோடு நன்றாக வரைந்தது போல் இருக்கும்.

கடினமானது ரெட்-நெக்டு. அதற்கும் கறுப்புக் கால், அதற்கும் குட்டை அலகு. இனப்பெருக்க கால நிறத்தில் பிரிப்பது எளிது: ரெட்-நெக்டுக்குத் தொண்டையும் மேல்மார்பும் சேர்ந்தே செம்பழுப்பாக இருக்கும், கொசு உள்ளானுக்கு முகம் சிவந்தாலும் தாடையும் தொண்டையும் வெள்ளையாகவே நிற்கும். ஆனால் டிசம்பர், ஜனவரியில் இரண்டுமே சாம்பலாகிவிட்ட பிறகு, கால் சற்றுக் குட்டை, உடல் பின்பக்கம் சற்று நீளம் என்ற அளவிலான வித்தியாசங்களை வைத்து ஒரே ஒரு படத்தில் முடிவு சொல்வது நேர்மையான வேலை இல்லை. அப்படிப்பட்ட நாளில் "ஸ்டின்ட், இனம் தெரியவில்லை" என்று எழுதுவதுதான் சரியான பதிவு. பறவைப் பட்டியல்களைப் பதியும் இணையதளமான இ-பேர்டில் அதற்கென்றே இடம் வைத்திருக்கிறார்கள். ஊகத்தை இனப்பெயராக எழுதிவிட்டால் பின்னால் அந்தத் தரவை வைத்து வேலை செய்பவர் அதை உண்மை என்றே எடுத்துக்கொள்வார்.

ஆகஸ்ட், செப்டம்பரில் கொசு உள்ளானின் குஞ்சைப் பார்க்கக் கிடைத்தால் முதுகில் இரண்டு பக்கமும் ஓடி வாலை நோக்கிக் கூடும் வெள்ளைக் கோடுகளைப் பாருங்கள், ஆங்கில எழுத்து வி மாதிரி இருக்கும். புருவக்கோடும் கண்ணுக்கு முன்னால் இரண்டாகப் பிரியும். பத்து மீட்டர் தூரத்தில் காலை வெயிலில் அந்தப் பறவையைப் பார்த்தால் இதையா சாம்பல் பறவை என்று சொன்னோம் என்று தோன்றும்.

கேள்வி: துறைமுகப் பக்கம் கற்களின் மேல் தனியாக நின்று, வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும் பழுப்புப் பறவை எது? (ஒரு வாசகர், தூத்துக்குடி)

பதில்: காமன் சாண்ட்பைப்பர், நாம் வெறுமனே உள்ளான் என்று சொல்வது. வாலாட்டமே போதும். உறுதி வேண்டுமென்றால் தோள் பக்கம் பாருங்கள், மடித்த இறக்கைக்கு முன்னால் வயிற்று வெள்ளை மேல்நோக்கி ஒரு கீற்றாக ஏறியிருக்கும். பறக்கும்போது தண்ணீரை ஒட்டித் தாழ்வாக, இறக்கையை முழுதாக அடிக்காமல் வெட்டி வெட்டி அடித்து, இடையில் விறைப்பாக மிதந்து போகும். ஆகஸ்டிலேயே வந்துவிடும், ஆற்றுப் பாறை, ஏரிக்கரை, துறைமுகக் கல் என்று எங்கும் ஒற்றையாக நிற்கும்.

கேள்வி: ஜூன் மாதம் மன்னார் தாழ்வுபாடு கடற்கரையில் ஒரு சின்ன உப்புக்கொத்தியைக் குஞ்சோடு பார்த்தோம். பின்கழுத்தில் வெள்ளை வளையம், மார்பின் இரண்டு பக்கமும் கருந்திட்டு. புத்தகத்தில் கென்டிஷ் ப்ளவர் என்று இருக்கிறது, ஆனால் அது குளிர்காலத்தில் வந்துபோகும் பறவை என்கிறார்களே? (ஒரு வாசகி, மன்னார்)

பதில்: உங்கள் சந்தேகம் மிகச் சரி, உங்கள் புத்தகம்தான் பழையது. நீங்கள் பார்த்தது அனுமன் உப்புக்கொத்தி. இலங்கையிலும் தென்னிந்தியக் கரையிலும் ஆண்டு முழுவதும் இருந்து இங்கேயே குஞ்சு பொரிக்கும் இந்தப் பறவையை நெடுங்காலம் கென்டிஷ் ப்ளவரின் துணையினமாகத்தான் வைத்திருந்தார்கள். இலங்கை ஆய்வாளர்களும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து அளவு, இறகுக்கோலம், மரபணு எல்லாவற்றையும் ஒப்பிட்டு, 2023இல் இது தனி இனம் என்று காட்டினார்கள். பறவையின் இருப்பிடம் பாக் நீரிணையின் இரு கரையிலும் இருப்பதால், ராமாயணத்தில் அனுமனும் படையும் கட்டிய பாலத்தை நினைத்து இந்தப் பெயர். உங்கள் ஊர்ப் பறவை என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

எப்படிப் பிரிப்பது? ஆண் பறவையின் முகத்தைப் பாருங்கள். கென்டிஷ் ஆணுக்கு இனப்பெருக்க காலத்தில் அலகிலிருந்து கண் வரைக்கும் ஒரு கருங்கோடு இருக்கும், உச்சந்தலையும் செம்பழுப்பாகும். அனுமனில் அந்த இடம் வெள்ளையாகத் திறந்து கிடக்கும், தலையில் செம்பழுப்பு மிகக் குறைவு அல்லது இல்லவே இல்லை. இதனால் முகம் வெறிச்சென்று, கண் மட்டும் பெரிதாகத் தெரியும். உடலும் சற்றுச் சிறியது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து கென்டிஷும் வந்து அதே மணலில் நிற்கலாம், அப்போது பெண் பறவைகளையும் குஞ்சுகளையும் பிரிப்பது சிரமம். ஆனால் மே, ஜூனில் குஞ்சோடு நிற்பது அனுமன்தான். ஒரே ஒரு எச்சரிக்கை, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் இருந்ததா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் அது பட்டாணி உப்புக்கொத்தி, அதுவும் நம் பக்கத்தில் குஞ்சு பொரிக்கும்.

அதே கரையில் செப்டம்பருக்குப் பிறகு வெள்ளைக் கழுத்து வளையம் இல்லாத உப்புக்கொத்திகள் கூட்டமாக வரும், அவை மணல் உப்புக்கொத்திகள். அவற்றில் சிறியது, பெரியது என்று இரண்டு வகை. சிறியதையும் பெரியதையும் எப்படிப் பிரிப்பது என்று ராமேஸ்வரத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார், இங்கேயே சொல்லிவிடுகிறேன். அலகின் நீளத்தை, அலகின் அடியிலிருந்து கண்ணின் பின்விளிம்பு வரை உள்ள தூரத்தோடு மனதுக்குள் ஒப்பிடுங்கள். அலகு அதைவிட நீளம், கனமாகவும் இருக்கிறது, காலும் வெளிறிய பச்சை மஞ்சள் என்றால் பெரியது. அலகு குட்டை, நுனி மொண்ணை, கால் கருஞ்சாம்பல் என்றால் சிறியது. பறக்கும்போது பெரியதன் கால்விரல்கள் வாலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சிறியதையும் இப்போது திபெத்திய மணல் உப்புக்கொத்தி, சைபீரிய மணல் உப்புக்கொத்தி என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள், நம் கரையில் நிற்பது பெரும்பாலும் திபெத்தியம். லடாக், திபெத் மேட்டு நிலங்களில் கூடு கட்டும் பறவை அது. மார்ச், ஏப்ரலில் கிளம்பும் முன் மார்பு செம்பழுப்பாகி முகத்தில் கருமுகமூடி வரும், அப்போது நெற்றியும் கறுப்பாகவே இருந்தால் திபெத்தியம், நெற்றியில் வெள்ளை இருந்தால் சைபீரியம்.

கேள்வி: சிவப்புக் கால் இருந்தால் பவளக்காலி, அதாவது ரெட்ஷாங்க்தானே? எங்கள் ஏரியில் சிவப்புக் கால் உள்ளவை பலவிதமாகத் தெரிகின்றன. (ஒரு ஆசிரியர், செங்கல்பட்டு)

பதில்: இல்லை. ஏரி என்கிறீர்கள், அப்படியானால் அங்கே பேதை உள்ளான், அதாவது ரஃப் கூட்டம் இருக்க வாய்ப்பு அதிகம், அதன் வளர்ந்த பறவைகளுக்கும் ஆரஞ்சுச் சிவப்புக் கால் உண்டு. தலை சிறியது, கழுத்து நீளம், வயிறு சரிந்தது, அலகு குட்டை, முதுகில் பெரிய செதில் கோலம் என்றால் அது பேதை உள்ளான். கூட்டத்தில் சில பறவைகள் மற்றவற்றைவிடக் கணிசமாகப் பெரிதாக இருக்கும், அவை ஆண்கள், வேறு இனம் என்று நினைத்துவிடாதீர்கள். பறக்கும்போது வாலின் இரு பக்கமும் நீள்வட்டமாக இரண்டு வெள்ளைத் திட்டுகள் தெரியும்.

பவளக்காலி அலகின் அடிப்பாதியும் சிவப்பு. ஆனால் அதை அடையாளம் காண நான் காலைப் பார்ப்பதே இல்லை, இறக்கையைப் பார்ப்பேன். இறக்கையின் பின்விளிம்பு முழுக்க அகலமான வெள்ளை, முதுகில் மேலேறும் வெள்ளை ஆப்பு, இரண்டும் சேர்ந்து தூரத்திலிருந்தே அடையாளம் காட்டும். இரைச்சலான பறவை, மனித வாடை பட்டாலே கத்திக்கொண்டு எழும்பி அந்த வெள்ளையைத் தானே காட்டிவிடும். இறக்கை விளிம்பில் வெள்ளை இல்லை, அலகு இன்னும் நீளம், கீழ் அலகின் அடியில் மட்டும் சிவப்பு என்றால் ஸ்பாட்டடு ரெட்ஷாங்க். கால் குட்டை, ஆரஞ்சு, அலகு மேல்நோக்கி வளைந்திருக்கிறது, நண்டைத் துரத்தித் தலை குனிந்து ஓடுகிறது என்றால் டெரெக் சாண்ட்பைப்பர், அது கடலோரச் சேற்றுப் பறவை, உங்கள் ஏரியில் எதிர்பார்க்க வேண்டாம். ரோஜா நிற நெடுங்கால்களோடு கருப்பு வெள்ளையாக நிற்கும் நெடுங்கால் உள்ளானை நீங்கள் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

கேள்வி: பொரி உள்ளானையும் (வுட் சாண்ட்பைப்பர்) கிரீன் சாண்ட்பைப்பரையும் பிரிக்கவே முடியவில்லை. இரண்டுக்கும் முதுகில் வெள்ளைப் பொரி, இரண்டுக்கும் பின்முதுகு வெள்ளை. (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: எழும்பிப் பறக்கும்போது இறக்கையின் அடிப்பக்கம் பாருங்கள். வெளிறியிருந்தால் பொரி உள்ளான், கரியாகக் கறுத்திருந்தால் கிரீன். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. உட்கார்ந்திருக்கும்போது புருவக்கோடு: பொரி உள்ளானுக்குக் கண்ணைத் தாண்டிப் பின்னால் வரை நீளும், கிரீனுக்குக் கண்ணோடு நின்றுவிடும். பொரி உள்ளானின் கால் மஞ்சளாக, நீளமாக இருக்கும், பொரியும் பெரிது. நெல் வயலில் பத்து இருபதாகச் சேர்ந்து மேய்வது பொரி உள்ளான். வாய்க்காலிலோ குட்டையின் மூலையிலோ ஒற்றையாக ஒளிந்து நின்று, நீங்கள் கவனிக்கும் முன்னே கத்திக்கொண்டு கிளம்புவது கிரீன். இந்தக் கிரீன் சாண்ட்பைப்பர் வடக்கே காட்டு மரங்களில், பெரும்பாலும் பாடும் பறவைகள் விட்டுப்போன பழைய கூட்டில் முட்டை இடும். உள்ளான் கூட்டத்தில் மரமேறிக் குடும்பம் நடத்துவது அபூர்வம் என்பதால் எனக்கு அதன் மேல் தனிப் பிரியம்.

கேள்வி: என்ன பைனாகுலர் வாங்கலாம், எந்த நேரத்தில் போகலாம்? எவ்வளவு பக்கத்தில் போய்ப் படம் எடுக்கலாம்? (பலர்)

பதில்: எட்டுக்கு நாற்பத்திரண்டு (8x42), அதாவது எட்டு மடங்கு உருப்பெருக்கமும் 42 மில்லிமீட்டர் முன்கண்ணாடியும் உள்ளது போதும். அதைவிட உருப்பெருக்கம் அதிகமானால் கை நடுக்கமும் பெரிதாகும். உப்பளத்திலும் சேற்றுவெளியிலும் தூரம் அதிகம் என்பதால், கூட்டாகப் பறவை பார்ப்பவர்கள் சேர்ந்து ஒரு ஸ்கோப், அதாவது முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி, வாங்கிக்கொண்டால் நல்லது. காலையில் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லாக் காலும் கறுப்பு, எல்லா முதுகும் கறுப்பு. பத்து மணிக்கு மேல் கானல் எழும்பிவிடும், அப்புறம் எவ்வளவு விலையுயர்ந்த கண்ணாடியிலும் அலகு நெளியும். வடகிழக்குப் பருவமழையில் சதுப்பு நிறைந்துவிடும்போது சின்னக் கால் பறவைகளுக்கு நிற்க இடமிருக்காது, ஜனவரி, பிப்ரவரியில் தண்ணீர் இறங்கிச் சேறு வெளிப்பட்டதும் திரும்பக் கூடும். 1987இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் ஜனவரியில்தான் நடக்கிறது, பழகியவர்களோடு அதில் போய் நின்றால் நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

பக்கத்தில் போவது பற்றி ஒன்று கண்டிப்பாகச் சொல்கிறேன். பறவை மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கிவிட்டால் நீங்கள் அளவுக்கு மீறிப் போய்விட்டீர்கள், அங்கேயே நின்றுவிடுங்கள், இரண்டடி பின்வாங்குங்கள். பறக்கும் படம் வேண்டும் என்று கல்லெறிந்து கூட்டத்தை எழுப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. முப்பது கிராம்கூட இல்லாத பறவை, மார்ச், ஏப்ரலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்கக் கொழுப்புச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. வீணாக எழுப்பும் ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்பிலிருந்துதான் போகிறது. இந்தப் பக்கத்தில் நான் விளக்கியிருக்கும் பின்முதுகு வெள்ளை, இறக்கை விளிம்பு எல்லாவற்றையும் பறவை தானாக எழும்பும்போதோ இறக்கையை நீட்டிச் சோம்பல் முறிக்கும்போதோ பார்க்க முடியும். பொறுமையாக உட்கார்ந்திருப்பவருக்கு அது கட்டாயம் கிடைக்கும்.

கேள்வி: ஒரு உள்ளானின் காலில் எழுத்து போட்ட பிளாஸ்டிக் துண்டு இருந்தது. யாரிடம் சொல்வது? (ஒரு மீனவ இளைஞர், பழவேற்காடு)

பதில்: அது ஆய்வாளர்கள் மாட்டும் காலடையாளம். உயிரோடு உள்ள பறவையைப் பிடிக்க வேண்டாம், பார்த்ததை எழுதுங்கள் போதும். பிளாஸ்டிக்கின் நிறம், வலது காலா இடது காலா, மூட்டுக்கு மேலா கீழா, எழுத்தும் எண்ணும் படிக்க முடிந்தால் அவை, இன்னொரு காலில் உலோக வளையம் உண்டா, நாள், இடம். வலது இடது என்பது பறவையின் வலது இடது, உங்களுடையது அல்ல, இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். மூட்டு என்று நான் சொல்வது முழங்கால் போல வெளியே தெரிவதை, உண்மையில் அது பறவையின் கணுக்கால். நிறமும் இடமும் சேர்ந்தே எந்த நாட்டில் மாட்டியது என்று காட்டிவிடும், எண் தெரியாவிட்டாலும் எழுதி அனுப்பலாம். கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வரும் பி.என்.எச்.எஸ்., அதாவது மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவித்தால் அவர்கள் உரியவர்களிடம் சேர்ப்பார்கள். போனில் எடுத்த மங்கலான படமாக இருந்தாலும் அழித்துவிடாமல் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.